எல்லாரும் உக்காந்தாச்சா?

உங்க அம்மா இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததற்குக் காரணம் நான் இல்லை. ஒரு பஸ்.

சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான். பரளச்சியிலிருந்து உள்ளே ஒதுங்கிக் கிடக்கிற நம்ம ஊருக்கு முன்பெல்லாம் பஸ் கிடையாது. எங்கே பெண் கேட்டுப் போனாலும், "ஊருக்குப் பஸ்ஸு வருதா?" என்பதுதான் முதல் கேள்வி. மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான், காடு எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. "வரல" என்று சொன்னால் காபித்தண்ணியோடு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படிப் பல இடங்கள் தட்டிப்போயின. உங்க அம்மாவின் ஊரிலும் அதே கேள்வி வந்தது. ஆனால் அந்த வருஷம்தான் எம்மெல்லே நம்ம ஊருக்குப் பஸ் கொண்டுவந்திருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா வருதுங்க" என்றேன். உங்க தாத்தா உள்பக்கம் திரும்பி, "பலகாரத்த எடுத்தாங்க" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே நீங்கள் இரண்டு பேரும் பிறந்ததிலேயே எம்மெல்லேக்கு ஒரு பங்கு உண்டு. அதனால்தான் அவரைப் பற்றி எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது பெயிலானவன். லோடு வண்டி ஓட்டுகிற கை. எழுத்தில் குற்றம் குறை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் மட்டும் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவருக்குப் பேர் இல்லாமல் இல்லை. ஆனால் நம்ம பக்கத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. எம்மெல்லே என்றால் அவர்தான். அவருக்கு அப்புறம் எத்தனையோ பேர் அந்தப் பதவிக்கு வந்தார்கள், போனார்கள். அவர்களையெல்லாம் 'இப்ப இருக்கிற எம்மெல்லே' என்றுதான் சொல்வோம்.

அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அவர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். முதலில் கவுன்சிலர். அப்புறம் எம்மெல்லே. ஒரு தடவை தோற்றார், மறுபடி ஜெயித்தார், மறுபடி தோற்றார். மந்திரியாகப் போகிறார் என்று ஒரு சமயம் பேச்சு அடிபட்டது, ஆகவில்லை. பெரிய பெரிய ஆட்களின் சரித்திரத்தோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நான் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்த ஆள் ஒருவர் உண்டு என்றால் அது இவர்தான்.

அவர் முதல் தடவை ஓட்டுக் கேட்டு நம்ம ஊருக்கு வந்தபோது, மேலவீட்டுப் பெரியப்பா கூட்டத்தில் எழுந்து கேட்டாராம். அவர் என் அப்பாவுக்கு அண்ணன் முறை, உங்களுக்குப் பெரிய தாத்தா. வாய் சும்மா இருக்காது.

"நீங்க தறிக்காரவுக. நாங்க கரிசக்காட்டுக்காரவுக. உங்களுக்கும் எங்களுக்கும் என்னய்யா ஒட்டு?"

எம்மெல்லே யோசிக்கவே இல்லையாம். "உங்களுக்கு மழை பேயணும். எங்களுக்குத் தெருவுல நீட்டிப் போட்ட பாவு நூலு காயணும், மழை பேயக்கூடாது. ரெண்டு பேரும் சாமிகிட்ட ஒரே நேரத்துல கும்பிட்டா அது பாவம் என்ன செய்யும்? நடுவுல ஒரு ஆளு வேணும்ல, அதுக்குத்தான் நான் நிக்கிறேன்" என்றாராம். பெரியப்பா அன்றைக்கே அவர் ஆள் ஆகிவிட்டார்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, 'பாப்போம்' என்ற சொல்லை அவர் சொன்னதே இல்லை. அரசியல்வாதி பாப்போம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று நம்ம ஊர் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். இவர் முடியும் என்பார், இல்லையென்றால் முடியாது என்பார். இரண்டும் தெரியாவிட்டால் "வாரேன்" என்பார். கூட வருகிறேன், சேர்ந்து கேட்போம் என்று அர்த்தம். மூஞ்சிக்கு நேரே முடியாது என்று சொன்னதிலேயே அவருக்கு எத்தனை ஓட்டுப் போயிருக்கும் என்று கட்சிக்காரர்கள் அங்கலாய்ப்பார்கள்.

இன்னொன்று, நாற்காலி.

நம்ம கண்மாய் மடை உடைந்துபோன வருஷம், ஊரே அவரோடு ஒரு ஆபீசுக்குப் போயிருந்தது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நானும் போனேன். அதிகாரி எழுந்து, "வாங்க சார், உட்காருங்க" என்று எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். எம்மெல்லே உட்காரவில்லை. "கூட வந்தவுகளுக்கு?" என்று மட்டும் கேட்டார். பக்கத்து அறையிலிருந்து நாற்காலிகள் வந்தன. போதவில்லை. டீக்கடைப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பீரோ ஓரத்தில் கிடந்த முக்காலிகூட வந்தது. அவ்வளவு நேரமும் அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு திரும்பி ஒரு தரம் பார்த்தார்.

"எல்லாரும் உக்காந்தாச்சா?"

அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

எல்லா ஆபீசிலும் இப்படித்தான். பியூன்கள் அவருக்குச் சேர் எம்மெல்லே என்றே பட்டப்பேர் வைத்திருந்தார்கள். அவர் படியேறுவது தெரிந்தால், "ஏலே, சேர் எம்மெல்லே வாராருடா, அள்ளு அள்ளு" என்று ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களாம். இது எதிர்க்கட்சிக்காரர்களுக்குத் தோதாகப் போய்விட்டது. கடைசித் தேர்தலில் மேடைக்கு மேடை, "அவருக்கு நாற்காலி ஆசை! நாற்காலி ஆசை!" என்று மைக்கில் கத்தினார்கள். பாலவனத்தத்துக்கு நான் லோடு இறக்கப் போன அன்று அங்கே அவர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டேன். "ஆமா, எனக்கு நாற்காலி ஆசைதான். எனக்கு இல்ல, உங்களுக்கு" என்றார். கைதட்டு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனால் கைதட்டியவர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டுவிடுவார்களா என்ன? தோற்றுப்போனார். அதோடு போதும் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பஸ்ஸில்தான் பார்ப்பேன். சன்னலோரம் உட்கார்ந்து, தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு துணிப்பை. யாராவது "எப்பிடி இருக்கீகய்யா?" என்று கேட்டால், "முன்னாளா இருக்கேன்ப்பா" என்பார்.

அப்படி ஒரு பிரயாணத்தில்தான் பக்கத்துச் சீட்டில் இருந்த நான் துணிந்து கேட்டுவிட்டேன். "அய்யா, அந்த நாற்காலி விஷயம், அது எதுக்குய்யா?"

அவர் சன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலங் காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நிக்கிறவன வெளிய அனுப்ப ஒரு தலையாட்டு போதும்ப்பா. உக்காந்தவன எழுப்பணும்னா ஒரு காரணம் சொல்லணும். காரணம் சொல்ல ஆரம்பிச்சுட்டான்னா பேச்சு வந்துரும். பேச்சு வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுச்சு."

நான் அன்று முழுக்க வண்டி ஓட்டும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மனிதர் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லிக்காட்டாமல் செய்துகொண்டிருந்திருக்கிறாரே என்று மலைப்பாக இருந்தது.

இப்போது போன வருஷக் கதைக்கு வருகிறேன். இதில் பாதி உங்களுக்கே தெரியும். மீதிப் பாதி நடந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள்.

பெரியவளே, நீ பதினொன்றாம் வகுப்புக்கு அருப்புக்கோட்டைக்குப் போக ஆரம்பித்த வருஷம் அது. ஒரு நாள் பஸ் கண்டக்டர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, ஊர்ல சொல்லிருங்க. அடுத்த மாசத்துலருந்து காலை ட்ரிப் கெடையாது. ஏற ஆளில்ல, வெறும் வண்டியத்தான் ஓட்டிட்டுப் போறோம்" என்றார். அவர் சொன்னது நிஜம்தான். வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தபோது அந்தப் பஸ்ஸின் நேரத்தையும் தள்ளி வைத்துவிட்டார்கள். நீயும் அதில் ஏறிய இரண்டொரு பிள்ளைகளும் முதல் பாடம் தொடங்கிய பிறகுதான் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். மற்றப் பிள்ளைகளை அப்பன்மார் பைக்கில் கொண்டுபோய் விட்டார்கள். நான் விடியுமுன்னே லோடு எடுக்கப் போகிறவன், என்னால் முடியாது.

அன்று சாயந்திரம் டீக்கடையில் இதுதான் பேச்சு. ஒருவர், "பொட்டப்புள்ள பத்து வரைக்கும் படிச்சாச்சுல்ல, போதும்ப்பா. காட்டு வழியில அனுப்பிச்சுட்டு மடியில நெருப்பக் கட்டிக்கிட்டா இருக்க முடியும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து உங்க அம்மாவிடம் அதைச் சொன்னபோது, அவள் அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினாள்.

"எங்க ஊர்லயும் பஸ்ஸு இல்லன்னுதான் என்னைய எட்டாவதோட நிப்பாட்டுனாக. அடுத்த வருசம் பாப்போம்னாக. நின்னது நின்னதுதான். எம்மகள ஒருத்தன் நிப்பாட்டட்டும், பாக்குறேன்."

இவ்வளவுதான் சொன்னாள். மறுபடி மிக்சி ஓடியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எட்டாவதோடு நின்றதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பஸ் வருகிற ஊர் என்று கேட்டுத்தான் வந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஏன் கேட்டாள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

எம்மெல்லேயைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மேலவீட்டுப் பெரியப்பா, நான், இன்னும் இரண்டு மூன்று பேர் போனோம். அவர் வீட்டம்மாதான் கதவைத் திறந்தார்கள். உள்ளே திரும்பித் தெலுங்கில் ஏதோ சத்தம் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்துத் தமிழில், "வாங்க வாங்க. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, எங்கயும் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கூட்டிட்டுப் போயிறாதீங்க" என்றார்கள்.

எம்மெல்லே கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டார். பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். "முன்ன எத்தன மணிக்கு வந்துச்சு?" என்று திரும்ப ஒரு தரம் கேட்டார்.

"அய்யா, நீங்க ஒரு போன் போட்டாப் போதும்" என்றார் பெரியப்பா.

"நான் முன்னாளுப்பா. முன்னாளு போட்ட போனப் பின்னாடி எவன் எடுப்பான்?" என்று சிரித்தார். அப்புறம், "வாரேன்" என்றார்.

உள்ளே வீட்டம்மா தெலுங்கில் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள். இவர் காதில் விழாதது மாதிரி, எங்களுக்கு இரண்டு கட்டளை போட்டார். "ஆம்பளைக மட்டும் வராதீக. புள்ளைகளப் பெத்தவுக, பொம்பளைக வரணும். அப்புறம், அங்க போயி நான் நிப்பேன். நீங்க உக்காரணும். நீங்க உக்காந்தாத்தான் நான் உக்காருவேன். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுய்யா" என்று எல்லாரும் தலையாட்டினோம். பெரியப்பா இரண்டு தரம் ஆட்டினார்.

குறித்த நாளில் என் லோடு வண்டியில் பாயை விரித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனேன். எம்மெல்லே முன்சீட்டில். உங்க அம்மா பின்னால், பெண்களோடு. எந்தப் பஸ் ஆபீஸ் என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அங்கே இருந்த மேலாளர் நல்ல மனிதர், வயசும் குறைவு. எம்மெல்லேயைப் பார்த்ததும் பட்டென்று எழுந்துவிட்டார்.

"ஐயா, நீங்க வரணுமா? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. உட்காருங்கய்யா."

"இவுக உக்காரட்டும் தம்பி."

அந்த அறையில் இருந்தது இரண்டே நாற்காலி. மேலாளர் பெல் அடித்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. டிரைவர்கள் படுக்கிற அறையிலிருந்து ஒரு பெஞ்சு வந்தது. எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டார்கள்.

யாரும் உட்காரவில்லை.

பிள்ளைகளே, நாங்கள் மறக்கவில்லை. அவர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய மனிதர் தடியை ஊன்றிக்கொண்டு நிற்கும்போது, அவர் கண் முன்னால் நாற்காலியில் உட்கார நம்ம ஊர் இடுப்பு வளையவில்லை. மடை உடைந்த வருஷம் அவர் நடுவயதுக்காரர், கால் நன்றாக இருந்தது, அப்போது உட்கார்ந்தோம். இப்போது வயசாளி. முட்டி தேய்ந்தவர். அவரை நிற்கவைத்துவிட்டு எப்படி? ஆண்கள் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோம். பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"உக்காருங்கப்பா" என்றார் எம்மெல்லே.

"நீங்க மொதல்ல உக்காருங்கய்யா. நாங்க கெடக்கோம்" என்றார் பெரியப்பா.

"நான் உக்காந்தா நீங்க உக்காரமாட்டீக. எனக்குத் தெரியும்."

"நீங்க நிக்கையில நாங்க உக்காந்தா, ஊர்ல காறித் துப்புவாகய்யா."

"நான்தான உக்காரச் சொன்னேன்?"

"நீங்க சொல்லுவீக. அது உங்க பெருந்தன்மை. எங்களுக்கு ஒரு மருவாதி இருக்குல்ல?"

அவர் உட்காராததால் மேலாளரும் உட்கார முடியவில்லை. அவரும் நின்றார். கதவோரம் வந்து எட்டிப் பார்த்த இரண்டு ஊழியர்களும் நின்றார்கள். நாற்காலிகளும் பெஞ்சும் காலியாகக் கிடக்க, அறை நிறைய மனிதர்கள் நின்றுகொண்டிருந்தோம். யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எம்மெல்லேயின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டிக்குள் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. தடியைப் பிடித்திருந்த கை வெளுத்துப் போயிருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சிரித்த முகமாகவே எங்களைப் பார்த்தபடி நின்றார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். நாற்காலியின் முதுகைத் தொட்டும் பார்த்தேன். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கையை எடுத்துவிட்டேன்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. "சரிங்கய்யா, பரவாயில்ல. மனு எழுதியிருந்தா கொடுங்க. மேல அனுப்பி வைக்கிறேன். பார்ப்போம்" என்று தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டுதான். பஸ்ஸில் எம்மெல்லே சொன்ன அதே தலையாட்டு. ஆண்கள் இரண்டு பேர் வாசல் பக்கம் திரும்பியே விட்டார்கள்.

அப்போது கிறீச் என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம்.

உங்க அம்மா மேலாளருடைய மேசைக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏத்தா! எந்திரி!" என்று பல்லைக் கடித்தார் பெரியப்பா.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மாமா, உங்க மருவாதியில அவுக முட்டி தேயுது. பேசாம உக்காருங்க" என்றாள்.

நம்ம வீட்டில் யாராவது வந்தால் அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றபடிதான் பேசுவாள். உங்களுக்கே தெரியும். பெரியப்பா முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எம்மெல்லேயை அண்ணாந்து பார்த்த மாதிரியே அந்த நேரம் அவளையும் பார்த்தேன். இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷியை நான் அதுவரை சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

ஆடு வளர்க்கிற கிழக்குத் தெரு அக்கா, "நானும் உக்காருறேன்ப்பா, கால் கடுக்குது" என்று பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம் மற்றப் பெண்கள். அப்புறம் நான். ஆண்கள் ஒவ்வொருவராக. கடைசியாகப் பெரியப்பா, நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுகிற தோதில்.

எம்மெல்லே ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் உக்காந்தாச்சா?"

தடியைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தபோது, "அம்மா" என்று ஒரு மூச்சு விட்டார். மேலாளரும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்கு வேறு வழியில்லை, டீ சொல்லி அனுப்பினார்.

உங்க அம்மா ஆரம்பித்தாள். "சார், எங்கள எந்திரிச்சுப் போகச் சொல்லுறதுன்னா, ஏன்னு சொல்லிட்டுச் சொல்லுங்க. பஸ்ஸ எதுக்கு நிப்பாட்டுறீக?"

"ஆளே ஏறுறதில்லம்மா. காலி வண்டிய எப்படி ஓட்டுறது?"

"எப்படி ஏறுவாக? பள்ளிக்கூடத்துல மணி அடிச்சப்புறம் போயிச் சேருற பஸ்ஸுல எந்தப் புள்ள ஏறும்? முன்ன மாதிரி நேரத்துக்கு விடுங்க. அப்பயும் ஏறலன்னா நிப்பாட்டிக்கங்க, நான் கேக்க வரல."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "நேரம் மாறுனதுனாலதான் ஆள் குறைஞ்சதா?" என்று கேட்டார். அவர் அந்த வேலைக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முன்பு பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆட்டுக்கார அக்கா சொன்னார். பெரியப்பா சொன்னார். நான் பரளச்சியில் எந்தப் பஸ் எப்போது கிளம்புகிறது என்று சொன்னேன். ஆளாளுக்குப் பேசினோம். டீ வந்தது. டீயைக் குடித்துக்கொண்டே பேசினோம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. உட்கார்ந்த பிறகு எம்மெல்லே ஒரு வார்த்தை பேசவில்லை. டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டு, பேசுகிறவர்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவ்வளவு வருஷம் சட்டசபையில் இருந்த மனிதர், எங்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்.

கடைசியில் மேலாளர், "சரி, பழைய நேரத்துக்கே மாத்திக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம்" என்றார்.

எம்மெல்லே அப்போதுதான் வாயைத் திறந்தார். "தம்பி, இது பாக்கலாமா, இல்ல பாப்போமா?"

மேலாளர் சிரித்துவிட்டார். "ஓட்டுறேன்ய்யா. அடுத்த வாரத்துலயே."

கிளம்பும்போது எம்மெல்லேயால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வாசல் வரைக்கும் வந்ததும் நின்று, உங்க அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, இந்தத் தடவ உள்ளாட்சி எலெக்சன்ல நீ நில்லு. நான் வந்து ஓட்டுக் கேக்குறேன்."

உங்க அம்மா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "நிக்கிறதுக்கு வேற ஆளப் பாருங்கய்யா. நான் உக்காந்துட்டேன்."

எம்மெல்லே வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. பெரியப்பாவும் சிரித்தார். ஊர் வந்து சேரும்வரை வண்டியின் பின்னால் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. கொண்டுபோய் விட்டபோது வீட்டம்மா என்னைத் தமிழிலேயே திட்டினார்கள். அவர் ஒரு வாரம் படுக்கையை விட்டு இறங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

மேலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பழைய நேரத்துக்குப் பஸ் வந்த முதல் நாள், நான் லோடுக்குப் போகவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாய். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளும் ஏறியபிறகு உள்ளே நெரிசல். நீ எப்படியோ சன்னல் பக்கம் வந்து தலையை நீட்டி, "அம்மா, இடம் கெடச்சிருச்சு, உக்காந்துட்டேன்!" என்று கத்தினாய். உங்க அம்மா பஸ் திரும்பித் தூசி அடங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எம்மெல்லேக்கு போன் போட்டேன். "அய்யா, பஸ்ஸு வந்துருச்சு. புள்ளைக எல்லாம் ஏறிப் போயிருச்சுக. உங்க புண்ணியம்" என்றேன்.

"நெறைய ஏறுச்சுகளா?"

"நெறையங்கய்யா. உள்ள எடமில்ல. கொஞ்சப் புள்ளைக நின்னுக்கிட்டுத்தான் போச்சுக."



"நின்னுக்கிட்டா போச்சுக?" என்றார். "அப்ப இன்னொரு பஸ்ஸு கேக்கணும்ப்பா."

போனைக் கையால் பொத்திக்கொண்டு உங்க அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து பார்வையை எடுக்காமலே, "எப்பப் போகணும்னு கேளுங்க" என்றாள்.